தாழ்ப்பாள் உள்ள கதவு

காலடிச் சத்தம் கேட்டதுமே விசில் இரண்டு கால்களையும் தூக்கி, உட்கார்ந்திருந்த கழிப்பறை மூடியின்மேல் வைத்துக்கொண்டாள். மடியிலிருந்த டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். பாதிதான் சாப்பிட்டிருந்தாள்.

விசில் என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பயந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். இழுத்தால் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் கிளம்பும். அதைக் கேட்டு அந்தப் பெயரைச் சூட்டியவள் கேப்டன், பள்ளி வாலிபால் அணியின் தலைவி. மறுநாளே வகுப்பு முழுக்க அதுதான் பெயர் என்றாகிவிட்டது.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் அவளுடைய இன்ஹேலரைப் பிடுங்கி, கேப்டனின் கூட்டம் ஆளுக்கு ஆள் தூக்கிப் போட்டு விளையாடியது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டு அவள் இங்கும் அங்கும் ஓடினாள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் தாங்காது என்று அவளுக்கே தெரியும்.

வகுப்பு டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். "கண்டுக்காம விடும்மா, அவங்களே அலுத்துப் போயிடுவாங்க" என்றார். அலுத்துப்போனது டீச்சருக்குத்தான்.

அதிலிருந்து விசிலின் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் மாடிப்படிக்குப் பின்னாலிருந்த இந்தக் கழிப்பறையில் கழிந்தது. மூன்று கதவுகள். முதல் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, இரண்டாவது சாத்தினாலும் திறந்துகொள்ளும். கடைசிக் கதவு மட்டும்தான் ஒழுங்காகத் தாழிடும்.

இங்கேயும் தேடி வருவார்கள். கூட்டத்தில் ஒருத்தி குனிந்து கதவுக்கடியில் பார்ப்பாள். கால் தெரியாவிட்டால், தண்ணீர் வரவில்லை என்று பூட்டி வைத்திருக்கிறார்கள் போல என நினைத்துப் போய்விடுவார்கள்.

இன்று வந்தது ஒருத்திதான். அதுவும் வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள். முதல் கதவைத் தள்ளிப் பார்ப்பது கேட்டது. பிறகு இரண்டாவது கதவு சாத்தப்பட்டு, கிறீச்சென்று மறுபடி திறந்துகொண்டது.

கதவுக்கடியில் சிவப்பு லேஸ் கட்டிய வெள்ளை ஷூ வந்து நின்றது. அந்தப் பள்ளியில் சிவப்பு லேஸ் கட்டும் தைரியம் ஒருத்திக்குத்தான் உண்டு. கேப்டனுக்கு.

நேற்றுதான் இறுதி ஆட்டத்தில் பள்ளி தோற்றிருந்தது. கடைசிப் பந்தை வலையில் அடித்தவளே கேப்டன்தான். அந்த ஆத்திரம் யார் தலையில் விடியுமோ என்று விசில் காலையிலிருந்து பயந்துகொண்டே இருந்தாள்.

அப்புறம்தான் கவனித்தாள், ஷூ ஒற்றையாக இருந்தது. மற்ற காலில் வெறும் சாக்ஸ். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால் அடிக்கத்தான், வேறெதற்கு?

நெஞ்சுக்குள் விசில் கிளம்பியது. பாக்கெட்டில் இன்ஹேலர் இருந்தது, ஆனால் அழுத்தினால் வரும் புஸ் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினால் விசில் மூக்கு வழியாக வந்தது.

கைப்பிடி அசைந்தது.

"விசில்... நீதானே உள்ள?"

அவளுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

அப்போது வெளியே தாழ்வாரத்தில் சிரிப்பு கேட்டது. நாலைந்து பேர் ஓடிவந்தார்கள், ஒருத்தி எதையோ சுவரில் தட்டிக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பு விசிலுக்கு மனப்பாடம். அது கேட்கும் இடத்திலெல்லாம் முன்னால் கேப்டன் நிற்பாள். இன்று கேப்டன் இங்கே, ஒரு கதவுக்கு அப்பால், மூச்சுவிடாமல் நின்றிருந்தாள்.

"திற, ப்ளீஸ்" என்றாள் கேப்டன். "என்னைத்தான் தேடறாங்க. ஷூவைப் பிடுங்கிட்டாங்க."

அந்த வாயிலிருந்து 'ப்ளீஸ்' வந்து விசில் இதுவரை கேட்டதில்லை. கிடக்கட்டும், கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைக்காமல் இருக்க அவள் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை.

சாக்ஸ் போட்ட அந்தக் கால் ஈரத் தரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அது குளிரால் வந்த நடுக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

தாழ்ப்பாளை விலக்கினாள். கேப்டன் நுழைந்து சுவரோடு ஒட்டி நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. விசில் கதவைத் தாழிட்டுவிட்டு, இன்ஹேலரை எடுத்து ஒரு தடவை உறிஞ்சினாள். பிறகு மூடியின்மேல் ஏறி, பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வெளிக்கதவு தடாலென்று திறந்தது.

விசில் கேப்டனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, காதோடு சொன்னாள்:

"காலை மேல தூக்கிக்கோ. குனிஞ்சு பார்ப்பாங்க."