விழுந்த மில்லின் பங்கு

"நூறு ரூவாப் பங்கு இன்னைக்கு முந்நூத்தி இருபதாம்! கேட்டியளா?"

நீலாம்பாள் கரண்டியும் கையுமாகப் புருஷன் அம்பலவாணன் முன்னால் வந்து நின்றாள். திருநெல்வேலி டவுனில் அந்தப் பேச்சைக் கேட்காத காது அன்றைக்கு ஏது?

ஜெர்மன் சண்டை தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. சீமைத் துணி சரியாக வந்து சேரவில்லை. நூல் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. மூடிக் கிடந்த நூல் மில், எங்கிருந்தோ பழைய பாய்லர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, பதினைந்து நாளாக மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சீந்துவாரில்லாமல் கிடந்த அதன் பங்குப் பத்திரத்துக்கு இப்போது அடிதடி.

அதில் பத்துப் பங்கு ஒரு காலத்தில் அம்பலவாணனுடையது. வாங்கியவர் அவருடைய சிநேகிதர், மேலப்பாளையம் நூல் வியாபாரி தாஜ் முகம்மது சாயபு. சாயபு போன மாதம் காலமாகிவிட்டார். பத்திரம் அவர் வீட்டில்தான் இருந்தது.

"விழுந்த மில்லு எந்திரிக்கும்னு அன்னைக்கே கணக்குப் போட்டு வாங்கியிருக்காரு. கில்லாடி வே!" என்றது கடைத்தெரு.

நீலாம்பாள் வேறு மாதிரி சொன்னாள். "நம்ம வீடு ஏலத்துக்கு வந்த நேரம் பாத்துப் பிடுங்கிட்டாரு. சிநேகிதராம் சிநேகிதர்! போயி லாபத்துல பாதி கேளுங்க. நம்ம பொண்ணு கோமு கல்யாணத்தை முடிச்சிரலாம்."

அம்பலவாணன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது.

அப்போது அவர் அதே மில்லில், நூல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் குமாஸ்தா. சண்டை தொடங்கின வருஷம், ஒரு நாள் காலையில் பாய்லர் விரிசல் விட்டுவிட்டது. புதுசு சீமையிலிருந்து வரவேண்டும். சண்டை நேரத்தில் அதைக் கொண்டுவரக் கப்பலுக்கு எங்கே போவது? மில் அவ்வளவுதான் என்று உள்ளே இருந்தவர்களுக்குப் புரிந்துபோயிற்று. வெளியே மூச்சு விடக்கூடாது என்று முதலாளிமார் உத்தரவு. அம்பலவாணன் அன்று சாயங்காலமே பத்திரங்களை மடித்து எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்கு நடந்தார்.

"அருமையான பங்கு, சாயபு. வீட்டை மீட்கணும், அதான் குடுக்கேன். நூத்துக்குக் கொறச்சுக் கேக்காதேயும்."

சாயபு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தார். வீடு தப்பியது. பத்து நாள் கழித்து மில் மூடிய சேதி ஊரெல்லாம் பரவியது.

அதற்குப் பிறகு அம்பலவாணன் மேலப்பாளையம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாயபு எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிக்கொள்வார். பெருநாளைக்கு அழைத்து ஆள் வந்தால் காய்ச்சல் என்று சொல்லி அனுப்புவார். உயிருக்குயிரானவன் தலையில் செல்லாக்காசைக் கட்டிவிட்டோமே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். சாவுக்குக்கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆனால் மனுஷ மனசைப் பாருங்கள். பங்கு முந்நூறைத் தாண்டியதும் அந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை. 'நான் எங்கே அவரை ஏமாத்தினேன்? அவரல்லவா என்னை ஏமாத்தியிருக்கார்!' என்று நியாயம் பேச ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயபுவின் மனைவி ஹமீது பீவி இத்தாவில் இருந்தார். கணவன் போய் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"வாங்க அண்ணாச்சி. என்னைக்காச்சும் வருவியன்னு தெரியும்."

அம்பலவாணன் தொண்டையைச் செருமினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு பாதியில் நின்றது.

"அந்தப் பத்துப் பங்கு விஷயமா..."

திரைக்கு அடியில் ஒரு துணிப்பை நகர்ந்து வந்தது.

"பத்தும் இதுல இருக்கு. மில்லு மறுபடி ஓடுனா அண்ணாச்சிகிட்ட குடுத்துரு, நாம குடுத்த ஆயிரத்தை மட்டும் பையப் பைய வாங்கிக்கிடலாம்னு சொல்லிட்டுப் போயிருக்காஹ."

பாதி கேட்க வந்தவருக்கு முழுசாகவே வந்துவிட்டது. அம்பலவாணனுக்கு நம்ப முடியவில்லை.

"மில்லு எந்திரிக்கும்னு சாயபுக்கு அப்பமே தெரியுமாம்மா?"

"எந்திரிக்கும்னு யாருக்குத் தெரியும்? விழுந்துட்டுன்னுதான் தெரியும். நீங்க வந்த அன்னைக்குக் காலையில நூல் எடுக்க மில்லுக்குப் போயிருந்தாஹ. மெஷின் ரிப்பேர் பாக்குற பிட்டர் இஸ்ரவேல் பாய்லரைக் காட்டுனாராம். விரிசலைக் கண்ணால பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தாஹ."

பையின் மேல் கையை வைத்தபடியே அம்பலவாணன் கேட்டார்.

"பெறவு ஏன் வாங்குனாரு?"

"உங்க வீடு ஏலத்துல போயிரக்கூடாதேன்னுதான். வட்டியில்லாம குடுத்தா நீங்க தொட மாட்டிய. வட்டி வாங்குறது அவுஹளுக்கு ஹராம். எப்படிக் குடுக்கலாம்னு தவிச்சுக்கிட்டு இருந்தாஹ. நீங்களே பத்திரத்தோட வந்து நிக்கவும் அல்லாவே அனுப்பி வச்சான்னு சந்தோசப்பட்டாஹ."

அம்பலவாணன் பையின் மேலிருந்த கையை எடுத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசும்பல் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி அவுஹளுக்குக் கடைசிவரைக்கும் ஆறலை. 'நான் தெரிஞ்சேதான் வாங்குனேங்கிறதை அம்பலவாணன் எப்படியோ கண்டுபிடிச்சிட்டான் போல. ரோசக்காரன், மனசு நொந்துதான் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டேங்கான்'னு கண்ணை மூடுற அன்னைக்கும் சொல்லி அழுதாஹ."