யாருக்கு வரைந்த நண்டு?

"அவன்கிட்ட இருக்கிறது போலிம்மா! அந்த நண்டுப் படத்தை நம்ம யான் என் கண்ணு முன்னாடி வரைஞ்சு, என் கையிலதான் கொடுத்தான்!"

மெங் மேஜையைத் தட்டிய வேகத்தில் தேநீர்க் கோப்பைகள் துள்ளின.

"உன் கண்ணுல புரை விழுந்து எத்தனை வருஷமாச்சு! நீ என்னத்தடா பார்த்தே?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த தோங்.

ஃபாங் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓவியர் யான் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. சொந்த ஊரான ஷாவோஷிங்கில் அவருக்கு ஒரு நினைவறை திறக்க ஏற்பாடாகியிருந்தது. ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பு ஃபாங்குக்கு. அந்த மனிதரோ கடிதம் எழுதியதில்லை, பேட்டி கொடுத்ததில்லை. அவரைப் பற்றிய சங்கதி எல்லாம் அவருடைய நண்பர்களான இந்த இரண்டு கிழவர்களின் வாயில்தான் இருந்தது. அதைப் பதிவு செய்ய அவள் நாயாய் அலைந்திருந்தாள்.

இப்போது எல்லாவற்றுக்கும் ஆபத்து. நினைவறையின் நடுச்சுவரில் மாட்டச் சொல்லி இருவரும் ஆளுக்கொரு படம் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே படம்: கொடுக்கோடு கொடுக்கு கோத்து மல்லுக்கட்டும் இரண்டு நண்டுகள். ஓரத்தில் யானின் கையெழுத்தில் ஒரே வரி: 'வாழ்நாளெல்லாம் என்னைப் பொறுத்துக்கொண்ட ஜீவனுக்கு.' பெயர் மட்டும் இல்லை.

"அந்த ஜீவன் நான்தான். அவன் படத்தை மாட்டினா, நான் பேசிப் பதிவு பண்ணினது அத்தனையையும் அழிச்சிடு" என்றார் மெங்.

"என்னோடதையும் அழிச்சிடு! இவன் பக்கத்துல என் குரல்கூட இருக்க வேண்டாம்."

யானின் மனைவி சுய்லான் தன் வீட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். "அடிச்சுக்காதீங்கப்பா. படம் வரைஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஆளுக்கு ஆள் சொல்லுங்களேன். எனக்கும் கேக்க ஆசையா இருக்கு."

"மழை அண்ணி! அப்படி ஒரு மழை!" என்று ஆரம்பித்தார் மெங். "நான்தான் மை அரைச்சுக் கொடுத்தேன். வரைஞ்சு முடிச்சுட்டு என்னைப் பார்த்தான் பாருங்க... அவன் கண்ணு கலங்கிப்போச்சு."

"மழையாவது மண்ணாவது! மண்டையைப் பிளக்கிற வெயில்" என்றார் தோங். "காத்துல தாள் பறக்காம நான்தான் மூலையை அழுத்திப் பிடிச்சிருந்தேன். 'நீ இல்லேன்னா நான் இல்லடா'ன்னு சொன்னான்."

ஃபாங் இரண்டு படங்களையும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். நண்டின் கால், கொடுக்கில் இருந்த மயிர், தூரிகை தவறிச் சிந்திய ஒரு சொட்டு மை வரை, இம்மி பிசகாமல் பொருந்தின.

"சண்டையை நிறுத்துங்க. ரெண்டுமே அசல்தான்" என்றாள்.

"அதெப்படி?"

"நம்ம ஊர் ஓவியத் தாள்ல அடுக்கு அடுக்கா ஒட்டினது ஒரு வகை இருக்கே! மேலே வரைஞ்சா மை அடித்தாள் வரைக்கும் இறங்கிடும். கை பழகினவங்க தண்ணி தெளிச்சு, தனித்தனித் தாளா உரிச்சிடலாம். உங்க படம் ரெண்டும் ஒரே தடவை வரைஞ்சது."

இரண்டு கிழவர்களும் எழுந்து வந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார்கள். முதலில் பேசியவர் தோங்.

"அப்போ... ஒரே படத்தைப் பிரிச்சு, நம்ம ரெண்டு பேருக்கும் சரிசமமா கொடுத்திருக்கான்டா!"

"படுபாவி! ஒரு வார்த்தை சொல்லலை பாரு!" மெங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா, ஒரே படம்னா அன்னிக்கு நீயும் அங்கே இருந்திருக்கணுமே?"

"இருந்தேனே! நீ மை அரைச்சே, நான் தாளைப் பிடிச்சேன். இப்பத்தான் ஞாபகம் வருது. காலையில மழை. அப்புறம் சுள்ளுனு வெயில்!"

"ஆமாமா! நீ அந்த நீலச் சட்டை போட்டிருந்தே!"

நடந்தது அத்தனையும் இருவருக்கும் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிட்டது. இரண்டு படங்களையும் அருகருகே மாட்டச் சொல்லிவிட்டு, யானின் பெயரால் ஒரு கிண்ணம் குடிக்கலாம் என்று தோளில் கை போட்டுக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்பினார்கள்.

பதிவுகள் பிழைத்த நிம்மதியில் ஃபாங் பெருமூச்சு விட்டாள். பிறகு சுய்லானிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தி, ஒரு சந்தேகம். ரெண்டு படமுமே வெளிறி இருக்கு. மை நல்லா ஏறின மேல்தாள் எங்கே?"

சுய்லான் மடியிலிருந்த விதைத் தோலைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். ஒரு சுருளோடு வந்து விரித்தாள். கன்னங்கரேல் என்று இரண்டு நண்டுகள், உயிரோடு சண்டை போட்டன.

"எங்க கல்யாண நாளுக்கு அவர் எனக்கு வரைஞ்சது. ரெண்டு நண்டும் நாங்கதான்" என்று சிரித்தாள். "சாவு வீட்டுலயே இவங்க ரெண்டு பேரும் 'என்மேலதான் அவனுக்கு உசிரு'ன்னு அழுதுக்கிட்டே அடிச்சுக்கிட்டாங்க. பார்க்கச் சகிக்கலை. ஓவியத்துக்குத் தாள் ஒட்டுறதும் உரிக்கிறதும் எங்கப்பா தொழில். அடியில இருந்த ரெண்டு தாளையும் நானே உரிச்சு, அவர் முத்திரையைக் குத்தி, 'உனக்குன்னு வச்சுட்டுப் போனார், அடுத்தவன்கிட்ட மூச்சு விடாதே'ன்னு சொல்லி ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன்."

"அப்போ அந்த மழை, வெயில், நீலச் சட்டை?"

"யாருக்குடி தெரியும்? அவர் இதை வரைஞ்ச அன்னிக்கு, வீட்டுல எங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை!"