பஞ்சு மரம்

பழைய தெருவைப் புதுப்பித்தால் எப்படி இருக்கும் என்று காட்ட, சமுதாயக் கூடத்து மேசைமேல் அட்டையில் தெருவையே செய்து வைத்திருந்தார்கள். நவநீதம் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். தீப்பெட்டி அளவில் மொட்டையாக நின்றது. எதிர்வீட்டு டெய்சியின் வீட்டின்மேலோ பச்சைப் பஞ்சில் ஒரு மரம்!

தண்ணி லாரி நிற்பதும் அவள் வாசலில்தான். இப்போது மரமும் அவளுக்கா? நவநீதத்துக்கு வயிறு எரிந்தது. இன்ஜினியர் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தபோது மரத்தைப் பிடுங்கித் தன் வீட்டின்மேல் குத்திவிட்டாள்.

டெய்சி வந்து குனிந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"ஒனக்கு மட்டும் மரம் வெச்சிருக்காங்களேக்கா."

"நானா கேட்டேன்? அவங்களா வெச்சாங்கடி," என்றாள் நவநீதம். வெகுநாளுக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

இன்ஜினியர் பேச ஆரம்பித்தார். "மரம் இருக்கிற இடத்துல சின்னதா ஒரு பார்க் வருது. அந்த ஒரு வீட்டைத்தான் இடிக்கணும். மத்தவங்க பயப்பட வேணாம். அது யார் வீடு? கையைத் தூக்குங்க."

நவநீதம் அசையவில்லை. டெய்சிதான் பாவம் பார்த்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். விரல்களில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது.