நாய்க்கு ஏறிய சர்க்கரை

மயங்கிக் கிடந்த கிழட்டு நாயின் ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருப்பதைக் கவனித்த கால்நடை டாக்டர், மார்ஃபினை முறிக்கும் ஊசியைப் போட்டார். நாய் கண் திறந்தது. சர்க்கரையும் இறங்கத் தொடங்கியது. டாக்டர், நாயைக் கொண்டுவந்த பெண்ணிடம் திரும்பினார்.

"இது சர்க்கரை வியாதி இல்லம்மா. மார்ஃபின் மாத்திரை தின்னிருக்கு. அது சர்க்கரையையும் ஏத்திவிடும். வீட்டுல யாருக்காவது குடுக்குறீங்களா?"

"என் வீட்டுக்காரருக்கு, புற்றுநோய் வலிக்கு. வேளை தவறாம நானே கையில குடுக்குறேன், டாக்டர்."

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டாள். கட்டிலில் கிடந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாவம், நொண்டி நொண்டி நடக்குது. எனக்கு வலிச்சா உன்கிட்ட சொல்லுவேன். அது யார்கிட்டம்மா சொல்லும்?"

 ஒரு வாரமாக அவர் வலிக்கிறது என்றபோதெல்லாம், "மாத்திரை போட்டும் என்ன நடிப்பு?" என்று எரிந்து விழுந்திருந்தாள்.