அடுப்பே பற்றவைக்காத குடித்தனக்காரர்

சுண்டெலியைக் காணோம், மூணு நாளாச்சு. பெருச்சாளி புதுசாக வாடகைக்கு விட்ட வளைக்குள் போனதுதான். வாசல் மண்ணில் அதன் காலடி உள்ளே போயிருந்தது, திரும்பவில்லை. குடித்தனக்காரருக்கோ காலடியே கிடையாது, கயிற்றை இழுத்த மாதிரி ஒரு கோடு மட்டும்தான்.

"ஆளோட முகத்தையாவது பார்த்தியா?" என்றது ஓணான்.

"வளைக்குள்ள இருட்டுல எங்க பார்க்க? ஆனா எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் விட்டேன். தனி ஆளு. அசைவம் சமைப்பீங்களான்னு கேட்டேன், அடுப்பே பத்த வைக்க மாட்டேன்னாரு. விருந்தாளி வந்தா சத்தம் போடுவாங்களான்னு கேட்டேன், மூச்சுகூட வெளிய வராதுன்னாரு."

"அட மண்டு! இதுக்கு முன்னாடி யார் வளையில இருந்தாராம்?"

அதை மட்டும் பெருச்சாளி கேட்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டது.

"பழைய ஓனரா?" உள்ளே இருந்து குரல் குளிர்ந்து வந்தது. "அவரும் எனக்குள்ளதான் இருக்காரு. நீங்களும் வாங்களேன்."

பெருச்சாளி ஓரடி பின்வாங்கியது. ஆனாலும், "என் வீட்டுக்குள்ள போக எனக்கென்ன பயம்?" என்றது.

"வெளிய நின்னே பேசுடா!" என்று ஓணான் மரத்தில் ஏறிக்கொண்டே கத்தியது.

பெருச்சாளி நிற்கவில்லை, உள்ளே போனது.