கல்லில் இல்லாத பெயர்

"வேதமாணிக்கம்" என்று கூப்பிட்டாள் சுகிர்தபாய் டீச்சர்.

"உள்ளேன்!"

விஜயதாஸ் எழுந்து போனான். ஆலயத்தின் உட்சுவரில் பதித்திருந்த கல்லின் அடியில் தன் செம்பருத்திப் பூவை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள் அந்தக் கல்லில் உண்டு. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெரியவர்கள் போன பிறகு, ஓய்வுநாள் பள்ளிக் குழந்தைகள் அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்வார்கள்.

ஒரு பெயருக்கு ஒரு குழந்தை. ஒரு பெயருக்கு ஒரு பூ.

"கூப்பிடும்ப ஆராவது ஒராளு பதில் சொல்லணும் மக்கா. அவிய நம்மகிட்ட வேற ஒண்ணும் கேக்கல்ல." டீச்சர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இந்த வருடம் புஷ்பபாய்க்கு மட்டும் பெயர் கொடுக்கவில்லை.

"எனக்கும் ஒரு பேரு தாங்க டீச்சர்" என்று அவள் காலையிலிருந்து பின்னாலேயே நடந்தாள்.

"நீ இந்த வருசம் சும்மா இரி மக்களே."

ஆனாலும் அவள் பூவோடு வந்திருந்தாள். கடைசிப் பாயில், பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் அடுத்த பெயரைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் கதவு சுவரில் போய் மோதியது.

வாசலில் மலையாளி ரிசர்வ் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். கையில் துப்பாக்கி.

"ஆரா வேதமாணிக்கம்? எவிடெ அவன்?"

ஆகஸ்டு மாதம் சந்தையில் கூடியவர்களைப் போலீஸ் சுட்டது. அன்றிலிருந்து இந்த எல்லை ஊர்களில் ஐந்து பேர் சேர்ந்து நிற்கத் தடை. மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்களில் பாதிப் பேர் ஜெயிலில் இருந்தார்கள். மீதிப் பேர் மரச்சீனிக் கிழங்கு விளைகளுக்குள் ஒளிந்து திரிந்தார்கள்.

போலீஸ் தேடுகிறவர்களில் ஒரு வேதமாணிக்கமும் உண்டு.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த போலீஸ்காரருக்குப் பெயரும் கேட்டிருக்கிறது, "உள்ளேன்" என்ற பதிலும் கேட்டிருக்கிறது.

விஜயதாஸ் கையைத் தூக்கினான். "நான்தான் சாரே."

"எலே, நீ இல்லடே! சும்மா இரி" என்று பக்கத்தில் இருந்தவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

போலீஸ்காரர் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். துப்பாக்கியால் கதவைத் தள்ளினார். உள்ளே காணிக்கை அரிசிப் பானையும் கிழிந்த பாய்களும்தான் இருந்தன. பானை உருண்டு, அரிசி சிதறியது. பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சின்னக் குழந்தை அழத் தொடங்கியது.

டீச்சர் மெல்ல நகர்ந்து, புஷ்பபாய்க்கு முன்னால் வந்து அவளை மறைத்து நின்றாள்.

"பறஞ்ஞது கேட்டில்லே? எவிடெ அவன்?"

"கல்லிலாக்கும் சாரே." டீச்சர் கையை நீட்டினாள். "பட்டாளத்தில போயி பர்மாவில மரிச்சவன். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் குடுக்கணும்லா. அதுக்காக்கும் பேரு கூப்பிட்டது."

போலீஸ்காரர் கல்லின் அருகே போனார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. வெட்டியிருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். கீழே வரிசையாக இருந்த பூக்களைப் பார்த்தார்.

"பர்மயிலா?"

"பர்மாவிலாக்கும்."

துப்பாக்கி கொஞ்சம் தாழ்ந்தது.

"என்டெ சேட்டனும் அவிடெயா மரிச்சது." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "கல்லொந்நும் இல்ல."

அவர் திரும்பி நடந்தார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அப்படியே போயிருப்பார்.

"அண்ணனுக்குப் பேரென்ன சாரே?"

அவர் நின்றார். சந்தேகத்தோடு டீச்சரைப் பார்த்தார்.

"கிருஷ்ணன்குட்டி."

டீச்சர் கல்லின் பக்கம் திரும்பினாள். மற்றப் பெயர்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"கிருஷ்ணன்குட்டி."

பதில் இல்லை.

அந்தப் பெயர் யாருக்கும் கொடுக்கப்பட்டதல்ல. குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார்கள். விஜயதாஸ் பயத்தில் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

போலீஸ்காரரின் முகம் சுருங்கியது. கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று டீச்சர் கலங்கினாள்.

"உள்ளேன்."

புஷ்பபாய் எழுந்து நின்றிருந்தாள்.

டீச்சர் பிடித்து உட்கார வைக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அவள் விலகி முன்னால் போய்விட்டாள். கல்லின் அருகே நின்று, பூவை எந்தப் பெயருக்குக் கீழே வைப்பது என்று தேடினாள். அவள் பதில் சொன்ன பெயர் அங்கே இல்லை.

திரும்பி வந்து, பூவைப் போலீஸ்காரரிடமே நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். கல்லைப் பார்த்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைத்து நின்றார். பிறகு குனிந்து அவளிடம் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"மோள்டெ அச்சன் எவிடெயா? பட்டாளத்திலா?"

டீச்சர் கண்களை மூடிக்கொண்டாள்.

"இல்ல சாரே" என்றாள் புஷ்பபாய். "அப்பா மரிச்சாச்சு. ஆகஸ்டில. சந்தையில."

வெளியே யாரோ விசில் ஊதிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

ஒரு கையில் துப்பாக்கி இருந்தது. மறு கையில் பூ. மரித்தவருக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்ற வேண்டுமானால் இரண்டில் ஒன்றைக் கீழே வைக்க வேண்டும்.

அவர் துப்பாக்கியைப் பாயில் வைத்தார்.