பதினோராவது ஆட்டக்காரர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பிரிவும் கிடங்குப் பிரிவும் ஆண்டுதோறும் கிரிக்கெட் ஆடும். ஓர் அணியின் வெற்றி வாய்ப்பு தொண்ணூற்றைந்து சதவீதத்தைத் தொட்டதும் கணிப்புப் பலகை மணியடிக்கும். உடனே எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விடுவார்கள்.

வியட்நாமிலிருந்து புதிதாக வந்திருந்த பொறியாளர் லின்னுக்கு, கிரேன் ஓட்டும் ஜெசிந்தா ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். காதுக் கருவி மொழிபெயர்த்தது.

கிரேன் அணிக்கு ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. இன்னும் இருபத்திரண்டு ரன் தேவை. மணி அடித்தது.

"முடிஞ்சுது. கிடங்கு ஜெயிச்சாச்சு" என்றாள் ஜெசிந்தா.

"பதினொரு பேர் என்றீர்களே? பத்துப் பேர்தானே ஆடினார்கள்?"

"அந்தா நிக்காரு, ராயப்பண்ணன். ஆறு வருசமா பேடு கட்டுதாரு. அவரு முறை வாரதுக்குள்ள மணி அடிச்சிரும்."

"அவர் எப்படி ஆடுவார்?"

ஜெசிந்தா யோசித்தாள். "தெரியலயே!"

லின் நேராகக் கிடங்கு அணித் தலைவர் சுடலைமணியிடம் போய் அதையே கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. உடனே, "வே ராயப்பன், இறங்கும்வே!" என்று கத்தினார்.

பிரியாணிக்குக் கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். ராயப்பன் முதல் பந்தைத் தவறவிட்டார். இரண்டாவதை லெக் பக்கம் தட்டிவிட்டு ஓடி, ஒரு ரன் எடுத்தார். அடுத்த ஓவரில் போல்டு ஆனார். பலகை சொன்னபடியே கிடங்கு அணிதான் வென்றது.

சுடலைமணி வந்து ராயப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லெக் பக்கம் அடிப்பீர்னு இப்பத்தான தெரியுது. அடுத்த வருசம் உமக்குன்னே அங்க ஓராள நிப்பாட்டுதேன், பாரும்."

"நிப்பாட்டும்வே" என்றார் ராயப்பன். சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை.